ஏரி எல்லோருக்கும், மதகுச் சாவி யாருக்கு?

கம்ப்யூட்டர் தொழிலில் ஒரு விசித்திரம் நடந்து வருகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே திறந்துவிடப்பட்ட மென்பொருளை வைத்துக்கொண்டு கம்பெனிகள் கோடி கோடியாகச் சம்பாதிக்கின்றன. 2019 ஜூலையில் ஐ.பி.எம். கம்பெனி ரெட் ஹாட் என்ற மற்றொரு அமெரிக்கக் கம்பெனியைச் சுமார் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அன்றைய மதிப்பில் இது 2 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். ரெட் ஹாட்டின் பிரதான சரக்கு லினக்ஸ். லினக்சோ எந்தக் கம்பெனியின் தனிச்சொத்தும் அல்ல. பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரின் உழைப்பில் உருவான பொதுச் சொத்து.

இனாமாகக் கிடைக்கும் சரக்கை விற்றுப் பணம் பண்ணுவது எப்படி? அந்தப் பணம் யாருக்குப் போகிறது? ஸ்ரீமுஷ்ணத்திலும் காட்டுமன்னார்கோவிலிலும் சிதம்பரத்திலும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுவதைத் தவிர வேறு வழி தெரியாமல் நிற்கும் நம் வாலிபர்களுக்கு இந்தக் கேள்விகள் மிகவும் அவசியமானவை. அவர்களுடைய பிழைப்பு இந்தக் கேள்விகளின் பதிலோடு பிணைந்திருக்கிறது.

இது நமக்கு எட்டாத தூரத்து விவகாரம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். ஸ்ரீமுஷ்ணம் கடைவீதியில் பத்துப் பேரை நிறுத்திப் பார்த்தால், பெரும்பாலோர் கையில் ஆண்ட்ராய்டு போன்தான் இருக்கும். அந்தப் போன் லினக்சின்மேல் ஓடுகிறது. போனில் நாம் கேட்பதற்கு மறுமுனையிலிருந்து பதில் அனுப்பும் சர்வர் கம்ப்யூட்டர்களிலும் பெரும்பாலானவை லினக்சில் ஓடுபவைதான்.

கட்டு எது? விடுதலை எது?

மென்பொருளை மனிதன் எழுதுகிறான். அவன் எழுதும் எழுத்துக்கு மூலநிரல் என்று பெயர். சாதாரண வியாபாரக் கம்பெனி மூலநிரலைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஓடக்கூடிய வடிவத்தை மட்டும் விற்கிறது. வாங்கியவன் அதைத் திறந்து பார்க்க முடியாது. கோளாறு இருந்தால் திருத்த முடியாது. அண்டை வீட்டுக்காரனுக்கு ஒரு நகல் கொடுத்தால் அது குற்றம்.

இந்த ஏற்பாட்டை எதிர்த்து 1983ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிபுணர் குனு திட்டத்தை அறிவித்தார். 1985ல் அதற்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. 1989ல் குனு பொது உரிமம் வெளிவந்தது. அதன் சாரம் மிகவும் எளிது. மென்பொருளை ஓட்டலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுப்பவன், தான் பெற்ற இதே உரிமைகளை அவர்களுக்கும் கொடுத்தாக வேண்டும். 1991ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்சும் 1992ல் இந்த உரிமத்தின்கீழ் வந்தது.

காசு வாங்கக் கூடாது என்று இந்த உரிமம் எங்கும் சொல்லவில்லை. ஸ்டால்மனே தாம் எழுதிய ஈமேக்ஸ் என்ற மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து, நாடா ஒன்று 150 டாலர் என்று விற்று ஜீவனம் நடத்தினார். கேள்வி விலையைப் பற்றியது அல்ல. வாங்கியவன் கையில் உரிமை இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியது.

நம் வட்டாரத்து மக்களுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய பிரசங்கம் தேவையில்லை. சோழர் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. அதை வெட்டிய கைகள் எத்தனை ஆயிரம் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஏரித் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சிக் கொடுக்கும் ஆளுக்கு அறுவடையில் நெல் அளந்து கொடுப்பது பல ஊர்களில் இருந்து வந்த வழக்கம். அது அவன் உழைப்புக்குக் கூலி. யாரும் அதைக் குறை சொன்னதில்லை. ஆனால் ஒருவன் வந்து மதகைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு, கேட்ட தொகையைக் கொடுத்தால்தான் தண்ணீர் என்று சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? மென்பொருள் விஷயத்திலும் இந்த இரண்டையும் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். பாய்ச்சும் கூலி வேறு, பூட்டும் கொள்ளை வேறு.

சம்பாதிக்கும் வழிகள்

முதல் வழி, சேவைக்குப் பணம். 1993ல் தொடங்கிய ரெட் ஹாட் கம்பெனியின் வழி இது. லினக்ஸ் ஒரு பெரிய பாங்கில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுராத்திரியில் அது நின்றுவிட்டால் பாங்கு நிர்வாகம் யாரைக் கூப்பிடும்? புதிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைத்துக் கொடுப்பது யார்? "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வருஷ சந்தா கட்டுங்கள்" என்றது ரெட் ஹாட். 2012 பிப்ரவரியில் முடிந்த கணக்கு வருஷத்தில் அதன் வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியது. மென்பொருள் பொது. பொறுப்புக்குத்தான் விலை.

இரண்டாவது வழி, இரட்டை உரிமம். சுவீடனில் 1995ல் தொடங்கிய மைஎஸ்க்யூஎல் கம்பெனி, தகவல்களை அடுக்கி வைக்கும் மென்பொருளைப் பொது உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்தது. அதைத் தன் மூடிய சரக்குக்குள் வைத்து விற்க விரும்பிய கம்பெனிகளிடம், "அப்படியானால் தனி உரிமத்துக்குப் பணம் கொடு" என்று கேட்டது. பகிர்ந்துகொள்பவனுக்கு இனாம், பூட்டி வைப்பவனுக்கு விலை. இதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மூன்றாவது வழி, வாடகை. மென்பொருளைத் தன் கம்ப்யூட்டர்களில் ஓடவிட்டு, மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்குவது. பம்பாயில் உள்ள ஃப்ராப்பே என்ற இந்தியக் கம்பெனி, இஆர்பிநெக்ஸ்ட் என்ற கணக்கு, சரக்கிருப்பு மென்பொருளைப் பொது உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. விரும்புகிறவர் எடுத்துத் தாமே ஓட்டிக்கொள்ளலாம். அந்தத் தொல்லை வேண்டாம் என்பவர் கம்பெனிக்கு வாடகை கட்டலாம். இந்த வழியிலும் தவறில்லை. ஆனால் இதே வழியைப் பிரம்மாண்டமான ஏகபோகங்கள் கையிலெடுக்கும்போது விஷயம் வேறாகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

நான்காவது வழி, தூண்டில். ஆண்ட்ராய்டின் மூலநிரலைக் கூகிள் கம்பெனி திறந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் போன் கம்பெனிகள் கூகிளின் கடையையும் மற்ற செயலிகளையும் போனில் வைக்க வேண்டுமானால் கூகிளின் நிபந்தனைகளுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போன் வழியாக வரும் விளம்பர வருமானம்தான் கூகிளின் அறுவடை. இந்த நிபந்தனைகள் சந்தை ஆதிக்கத்தின் துஷ்பிரயோகம் என்று நம் நாட்டின் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் முடிவு செய்து, 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் சில உத்தரவுகளை ரத்து செய்தாலும் அபராதத்தை உறுதிப்படுத்தியது. மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ருசு வேண்டுமா?

ஐந்தாவது வழி கணக்கில் எளிதாகத் தென்படாது. இன்று லினக்சின் மையப் பகுதியை எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஏதாவதொரு கம்பெனியில் சம்பளம் வாங்குபவர்கள். சம்பளம் கொடுக்கும் முதலாளிகள் தர்மப் பிரபுக்களா? இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக ஒரு லினக்சை எழுதினால் ஆகும் செலவைவிட, எல்லோரும் சேர்ந்து ஒன்றை எழுதினால் செலவு பன்மடங்கு குறைவு. போட்டியே உலகத்தை இயக்குகிறது என்று உபதேசிப்பவர்கள், தங்கள் காரியம் ஆக வேண்டும் என்றால் கூட்டுழைப்பைத் தேடி வருகிறார்கள். கூட்டு உற்பத்தி மேலானது என்பதை அவர்களுடைய கணக்குப் புத்தகமே ஒப்புக்கொள்கிறது.

மதகைப் பூட்டும் முயற்சிகள்

ஆனால் கூட்டாக வெட்டிய ஏரியில் தனிப்பூட்டுப் போடும் ஆசை முதலாளிகளை விடுவதில்லை.

மைஎஸ்க்யூஎல் கம்பெனியை 2008ல் சன் கம்பெனி 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010ல் சன் கம்பெனியையே ஆரக்கிள் கம்பெனி விழுங்கியது. மூடிய தகவல்தள வியாபாரத்தில் முன்னணியில் விளங்கிய கம்பெனி கையில், அதற்குப் போட்டியான பொது மென்பொருளும் சிக்கியது. அதை முன்னறிந்த மூல ஆசிரியர் மைக்கேல் வைடினியஸ், பொது உரிமம் தந்த உரிமையைப் பயன்படுத்தி, 2009லேயே அதே மூலநிரலைக் கொண்டு மரியாடிபி என்ற தனிக்கிளையைத் தொடங்கிவிட்டார்.

வாடகை வியாபாரத்தில் இன்னொரு சண்டை. பொது உரிமத்தின் கடமை, மென்பொருளைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் பிறக்கிறது. தன் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டு வாடகை மட்டும் வாங்குபவன், தான் செய்த திருத்தங்களை யாருக்கும் காட்டத் தேவையில்லை. இந்தச் சந்தை அடைக்க 2007ல் அஃபேரோ பொது உரிமம் என்ற கடுமையான உரிமம் வெளிவந்தது. ஆனால் பல மென்பொருள்கள் திருத்தங்களைக் காட்டும் கடமையை விதிக்காத தளர்ந்த உரிமங்களில் வெளிவந்திருந்தன. அமேசான் போன்ற பெருங்கம்பெனிகள் அவற்றை எடுத்து வாடகைக்கு விட்டு லாபம் குவித்தன. அவற்றை வளர்த்த சிறிய கம்பெனிகள் கோபம்கொண்டு உரிமத்தையே இறுக்கின. ரெடிஸ் என்ற மென்பொருளுக்கு 2024 மார்ச்சில் இதுதான் நடந்தது.

இந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அடி யார்மேல் விழுந்தது? சம்பளமின்றி அந்த மென்பொருளுக்கு உழைத்துக் கொடுத்த வெளியாரும் பூட்டுக்கு வெளியே நின்றார்கள். அதனால் சில நாட்களிலேயே பழைய மூலநிரலை எடுத்து வால்கீ என்ற பெயரில் புதிய கிளை எழுந்தது. அதற்குத் துணை நின்றவற்றில் அமேசானும் ஒன்று! 2025 மே மாதம் ரெடிஸ் கம்பெனி அஃபேரோ உரிமத்தையும் சேர்த்துக்கொண்டு திறந்த வழிக்குத் திரும்பி வந்தது.

இந்த நிகழ்ச்சிகள் கற்பிக்கும் பாடம் ஒன்றுதான். பிரிந்து போய்த் தனியே நடத்தும் உரிமை இருக்கும்வரை எந்த முதலாளியும் ஏரியை முழுமையாக வளைத்துவிட முடியாது. மதகுச் சாவி என்று நாம் சொல்வது அந்த உரிமையைத்தான்.

கூலி இல்லாத உழைப்பு

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்பெனிகள் பெரிய மென்பொருள்களுக்கு ஆள் போடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத சிறிய மென்பொருள்களை யார் கவனிக்கிறார்கள்?

இணையத்தில் பாங்குக் கணக்கையும் கடவுச்சொல்லையும் ரகசியமாகக் கொண்டு செல்லும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014 ஏப்ரலில் ஒரு பயங்கரமான ஓட்டை வெளிப்பட்டது. அதற்கு "இதயக் கசிவு" என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். உலகத்தின் கணிசமான வலைத்தளங்கள் நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு வருஷத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. முழுநேரமாக அதைக் கவனித்தவர் ஒரே ஒருவர். அதன் பிறகே பெருங்கம்பெனிகள் ஓடிவந்து நிதி போட்டன. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருளில் ஒருவன் திட்டமிட்டுக் கள்ளக் கதவு வைத்தது அகப்பட்டது. அதைப் பல வருஷங்களாகத் தனியாளாகக் கவனித்து வந்தவர் கூலியின்றி உழைத்துக் களைத்துப் போயிருந்தார். அந்தக் களைப்பைத்தான் சதிகாரன் பயன்படுத்திக்கொண்டான்.

கோடி கோடியாக லாபம் ஒரு பக்கம். அந்த லாபத்தின் அஸ்திவாரத்தைத் தாங்கி நிற்பவனுக்கு ஒரு மாதச் சம்பளம்கூட இல்லாத நிலை மறுபக்கம். "விருப்பப்பட்டுத்தானே எழுதுகிறார்கள்" என்று சமாதானம் சொல்கிறார்கள். விருப்பம் வயிற்றை நிரப்புமா என்று கேட்கிறோம்.

ஜெர்மன் சர்க்கார் 2022ல் இத்தகைய அடிப்படை மென்பொருள்களைப் பராமரிக்கப் பொதுப்பணத்திலிருந்து ஒரு நிதியைத் தொடங்கியது. நம் நாட்டில் ஜெரோதா என்ற பங்குத் தரகுக் கம்பெனி, வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்குவதாக 2024ல் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் ஏரிக்கரையைப் பலப்படுத்தும் வேலையை ஒரு தனவந்தரின் நல்ல மனசை நம்பி விட்டுவிட முடியாது.

நம் சர்க்கார்கள் செய்ததும் செய்யாததும்

தமிழ்நாட்டுக்கு இது புதிய விஷயம் அல்ல. மத்திய சர்க்கார் நிறுவனமான சி-டாக்கின் சென்னை நிலையம், 2007 ஜனவரியில் பாஸ் என்ற இந்திய லினக்சை வெளியிட்டது. அதே காலகட்டத்தில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர், அந்த ஸ்தாபனத்தை லினக்சுக்கு மாற்றிக் காட்டினார். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோசும் பாஸ் லினக்சும் சேர்த்தே கொடுக்கப்பட்டன.

கொடுத்தால் போதுமா? பாடப் புத்தகத்தில் இல்லாத மென்பொருளை மாணவன் எப்படிக் கற்பான்? பயிற்சி பெறாத ஆசிரியர் எப்படிக் கற்பிப்பார்? பக்கத்து மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 2001ல் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம், படிப்படியாக சர்க்கார் பள்ளிகளை லினக்சுக்குக் கொண்டுவந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடப் புத்தகத்தை அதற்கேற்ப எழுதினார்கள். மலையாளத்தில் ஓடும் தங்கள் சொந்த லினக்சைத் தயாரித்தார்கள். உரிமக் கட்டணமாக வெளியே போயிருக்க வேண்டிய பெருந்தொகை மிச்சமாயிற்று. அதைவிட முக்கியம், அதை ஓட்டவும் திருத்தவும் தெரிந்த மனிதர்கள் மாநிலத்திலேயே உருவானார்கள்.

மத்திய சர்க்காரும் 2015 மார்ச்சில் ஒரு கொள்கையை வெளியிட்டது. சர்க்கார் அலுவலகங்களில் திறமூல மென்பொருளுக்கே முன்னுரிமை, அதை ஒதுக்குவதானால் காரணம் சொல்ல வேண்டும் என்பது அதன் விதி. கொள்கை நல்லதுதான். அது ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் அமுலாக வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஸ்ரீமுஷ்ணம் வாலிபருக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. உரிமக் கட்டணம் என்பது ஊரைவிட்டு ஒரேயடியாக வெளியேறும் பணம். சேவைக் கட்டணம் உள்ளூர்க் கைகளுக்கு வரக்கூடிய கூலி.

ஓர் உதாரணம் சொல்வோம். நியூஜிலாந்து நாட்டின் ஹோரோவெனுவா என்ற சிறிய வட்டாரத்து நூலகங்கள், தங்கள் தேவைக்காக எழுதுவித்த மென்பொருள் கோஹா. 2000ல் அது ஓடத் தொடங்கியது. அந்நாட்டுப் பூர்வகுடி மாவோரி மக்களின் மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. அதை உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். இன்று நம் நாட்டிலும் பல கல்லூரி நூலகங்கள் கோஹாவைப் பயன்படுத்துகின்றன. அதை நிறுவவும், புத்தகப் பட்டியலை ஏற்றவும், நூலகருக்குக் கற்றுக்கொடுக்கவும், பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். பெருநகரத்துக் கம்பெனிதான் வந்து செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நியூஜிலாந்தில் ஒரு சிறு வட்டாரம் உலகத்துக்குக் கொடுக்க முடிந்தது என்றால், கடலூர் ஜில்லாவின் ஒரு வட்டாரம் தன் நூலகங்களையாவது கவனித்துக்கொள்ள முடியாதா?

பில் போடும் கடை, நெல் மண்டி, பள்ளிக்கூடம், பஞ்சாயத்து, கூட்டுறவு சங்கம் எங்கும் இந்த வேலை இருக்கிறது. தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கம்ப்யூட்டர் மயமாக்க மத்திய சர்க்கார் 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. இத்தகைய திட்டங்களில் பராமரிப்பு வேலை தாலுகா மட்டத்தில் வாலிபர்களின் கூட்டுறவுகளுக்குக் கிடைத்தால் எத்தனை குடும்பங்கள் ஊரிலேயே பிழைக்கும்!

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் இயக்கம் நடக்கிறது. கணியம் அறக்கட்டளை தமிழிலேயே பாடங்களை வெளியிடுகிறது. தொண்டர்கள் தங்கள் கடமையைச் செய்கிறார்கள். சர்க்கார் தன் கடமையைச் செய்ய வேண்டும்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இவைதான். பொதுப்பணத்தில் எழுதப்படும் எந்த மென்பொருளின் மூலநிரலும் பொதுச் சொத்தாக வேண்டும். மாநில சர்க்காரின் டெண்டர்களில் திறமூலத்துக்கு முன்னுரிமையும், உள்ளூர்க் கூட்டுறவுகளுக்குப் பராமரிப்பு வேலையில் இடமும் விதியாக வேண்டும். சர்க்கார் பள்ளிகளிலும் ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் லினக்ஸ் பாடமாக வேண்டும். ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும். பொது மென்பொருளை வைத்துப் பெருலாபம் அடையும் கம்பெனிகளிடமிருந்து கட்டாயப் பங்கு வசூலித்து, அதைப் பராமரிப்பவர்களுக்கு ஊதியம் கொடுக்கும் நிதி ஒன்றை மத்திய சர்க்கார் ஏற்படுத்த வேண்டும்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. கடைகளில் கிடைக்கும் திருட்டு நகலை நம்பியிருப்பது விடுதலை அல்ல. அது பூட்டின் கள்ளச் சாவி. என்றைக்கு வேண்டுமானாலும் பூட்டின் சொந்தக்காரன் உங்களைக் குற்றவாளியாக நிறுத்தலாம். நேர்வழியிலேயே சாவி உங்கள் கையில் கிடைக்கும்போது அந்த அடிமைத்தனம் எதற்கு? நாலு பேர் சேருங்கள். ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்சைப் போட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்துப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் செய்து கொடுங்கள். செய்த வேலைக்கு நியாயமான கூலி கேட்டு வாங்குங்கள். உழைப்புக்குக் கூலி கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

பல்லாயிரம் கைகள் வெட்டிய ஏரி நம் ஊர் எல்லை வரை நிரம்பித் தளும்புகிறது. வாய்க்காலை வெட்டிக்கொள்வது நம் வேலை. மதகுச் சாவியை எவன் கையிலும் தனியே விட்டுவிடாமல் காப்பதும் நம் வேலைதான்.